எந்த ஊர் மணி?

“மணி என்ன?” என்று ஒருவர் கேட்டால், சுவரில் மாட்டிய கடிகாரத்தை நோக்கி உடனே விடை கூறிவிடுகிறோம். “எந்த ஊர் மணி கேட்கிறீர்கள்?” என்று ஒருவர் திருப்பிக் கேட்டால், அவரை விசித்திரமான மனிதர் என்றே எண்ணுவோம். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு ரயில் நிலையம் ஒன்றில் நின்று அக்கேள்வியைக் கேட்டவர் விவரம் அறிந்தவராகவே மதிக்கப்பட்டிருப்பார். இன்றைக்கும் ஒரு கூட்டத்தார் அக்கேள்வியை நாள்தோறும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவோரே அவர்கள். நானும் அத்தொழிலைச் சேர்ந்தவன். இத்தொழிலில் நேரத்தைப் பிழையின்றிக் கையாள விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது கணிதம் அன்று. சரித்திரமே என்பதை இவ்வுரையில் எடுத்துக் கூற விரும்புகிறேன்.

நம் முன்னோர் நாளைச் சூரியோதயத்திலிருந்து எண்ணினார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். “உதயாதி பத்து நாழிகை” என்றால், அந்த ஊரில் சூரியன் உதித்துப் பத்து நாழிகை கழிந்தது என்று பொருள். ஊரும் நேரமும் அங்கே பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே கலந்திருந்தன. கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வருகிறான். மேற்கே உள்ள ஊரில் பின்னர் வருகிறான். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வேறுபாடு. மாட்டுவண்டியில் பயணம் செய்தவருக்கு இந்த நான்கு நிமிடம் ஒரு பொருட்டாக இல்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான் அது பெருந்தொல்லையாக உருவெடுத்தது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம் பின்தங்கியது. 1840-ஆம் ஆண்டில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தையே கொள்ளத் தொடங்கியபோது, பிரிஸ்டல் மக்கள் தங்கள் ஊர் நேரத்தைக் கைவிட மனமின்றி, நகரத்துக் கடிகாரம் ஒன்றில் இரண்டு நிமிட முட்களை வைத்துக்கொண்டார்கள். ஒரு முள் ஊருக்கு; மற்றொரு முள் ரயிலுக்கு. அக்கடிகாரத்தை இன்றும் அந்நகரில் காணலாம்.

நம் நாட்டின் கதை இன்னும் சுவையானது. அதில் சென்னைக்குத் தலைமையான இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார்கள். வான்கருவியைத் தாங்குவதற்காக நாட்டிய கருங்கல் தூண் ஒன்று அந்த இடத்தில் இன்றும் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த கல்வெட்டும் அங்கே உண்டு. ஜான் கோல்டிங்ஹாம் என்னும் வானநூலார் அங்கிருந்து ஆராய்ந்து, சென்னையின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று 1802-இல் கணித்தார்.

பம்பாயின் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தாவின் நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தியது. ஒரே நாட்டின் இரு பெருநகரங்களுக்கிடையே ஒரு மணிக்கு மேல் வேறுபாடு! இரண்டையும் இணைத்து இருப்புப்பாதை ஓடத் தொடங்கியபின், அட்டவணையை எந்த நேரத்தில் அச்சிடுவது? இரண்டிற்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது சென்னை. துல்லியமாக நேரம் கணிக்கும் நிலையமும் அங்கே இருந்தது. ஆகவே 1870-ஆம் ஆண்டையொட்டி இந்திய ரயில்களும் தந்தியும் சென்னை நேரத்தைப் பொது நேரமாக ஏற்றன. லாகூரில் வண்டி ஏறுகிறவரும் சென்னைக் கடிகாரத்தைக் கருத்தில் கொண்டே நிலையத்துக்கு வந்தார்.

ஆயினும் ரயில் நிலையத்துக் கடிகாரம் வேறு, ஊர்க் கடிகாரம் வேறு. 1881-இல் பம்பாயில் அரசாங்க அலுவல்களுக்கும் சென்னை நேரத்தைப் புகுத்திப் பார்த்தார்கள். மக்களின் எதிர்ப்பு வலுத்தது. 1883-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டில், 1884 அக்டோபரில், வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கிரீன்விச்சின் தீர்க்கரேகையை உலகுக்கே ஆதார ரேகையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கிணங்க 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, 82½ பாகைத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தன. சென்னைவாசிகள் அதைப் பெரிதாகக் கருதவில்லை.

பம்பாயிலோ முன்நகர வேண்டியது 39 நிமிடம். இந்த 39 நிமிடம் யாருடையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சாலையில் வேலை செய்யும் தொழிலாளி விடிந்ததும் ஆலைக்குப் போகிறவன். கடிகாரத்தில் மணி மாறாமல் இருக்கலாம். ஆனால் முள்ளை முன்னே தள்ளிவிட்டால் அவன் தூக்கத்தில் 39 நிமிடம் பறிபோகிறது. 1906 ஜனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் இம்மாற்றத்தை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். பம்பாய் நேரம் அந்நகரில் 1955-ஆம் ஆண்டு வரையில் வழக்கில் இருந்தது. கல்கத்தா நேரம் 1948 வரையில் இருந்தது. அதாவது நாடு விடுதலை பெற்ற பின்னரும் சில காலம், “மணி என்ன?” என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரே விடை இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காலம் என்பது ஒன்று. கடிகாரம் காட்டுவது வேறொன்று. ஒரு கணம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. அக்கணத்தில் சுவர்க் கடிகாரம் என்ன காட்ட வேண்டும் என்பதோ, ஓர் ஊர் மக்களும் அவர்களை ஆளும் அரசும் செய்துகொண்ட உடன்பாடு. உடன்பாட்டை மாற்றலாம், மறுக்கலாம், திரும்பப் பெறலாம். சட்டமும் போரும் அரிசி விலையும் போல அதுவும் சரித்திரத்துக்கு உட்பட்டது.

இனிக் கணிப்பொறியிடம் வருவோம். கணிப்பொறி நாழிகையும் அறியாது, ஊரும் அறியாது. அது வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பெரும்பாலான கணிப்பொறிகள் 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு தொடங்கிக் கழிந்த வினாடிகளைக் கணக்கிட்டு வருகின்றன. இதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அந்த நள்ளிரவில் லண்டன் நகரத்துச் சுவர்க் கடிகாரங்கள் பன்னிரண்டைக் காட்டவில்லை. ஒரு மணியைக் காட்டின. 1968 முதல் 1971 வரையில் பிரிட்டன் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரீன்விச் என்ற ஊரிலேயே கிரீன்விச் நேரம் இல்லாத ஒரு கணத்தில்தான் கணிப்பொறிகளின் யுகம் பிறந்தது!

வினாடி எண்ணிக்கை உலகப் பொதுவானது. ஆகவே நடந்து முடிந்த நிகழ்ச்சியை அந்த எண்ணிக்கையால் குறித்து வைப்பது நல்லது. வங்கியில் பணம் செலுத்திய கணம், தந்தி போய்ச் சேர்ந்த கணம் ஆகியவற்றுக்கு இம்முறையே உகந்தது. ஆனால் மனிதன் வினாடி எண்ணிக்கையைப் படிக்க மாட்டான். அவனுக்குச் சுவர்க் கடிகாரத்தின் மொழியில் சொல்ல வேண்டும். அம்மொழிபெயர்ப்பில்தான் பிழைகள் நேர்கின்றன. சில சான்றுகளைக் காண்போம். அவை நம்மவர் வாழும் நாடுகளிலேயே கிடைக்கின்றன.

மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. கிழக்கே உள்ள சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒத்துப்போகும் பொருட்டு அதனை எட்டு மணியாக்க முடிவு செய்தார்கள். 1981 டிசம்பர் 31 இரவு, மணி பதினொன்றரை ஆனதும், முட்களைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினார்கள், புத்தாண்டு பிறந்துவிட்டது. சிங்கப்பூரும் உடன் மாறியது. அன்றிரவு 11 மணி 45 நிமிடம் என்பது கோலாலம்பூரில் வரவே இல்லை. ஒருவர் அந்த நேரத்தில் பிறந்தார் என்று பதிவேடு கூறுமாயின், அப்பதிவு தவறு என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

இதற்கு நேர்மாறானது இலங்கையின் கதை. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஆறரை மணியாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கி ஆறு மணியாக்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலோ பழைய ஐந்தரை மணிக் கணக்கே தொடர்ந்தது. ஒரே தீவில், ஒரே மொழி பேசும் மக்களிடையே, போர்முனையைத் தாண்டினால் கடிகாரமும் மாறியது. 2006 ஏப்ரல் 14 புத்தாண்டு நாள் முடிந்த நள்ளிரவில், மணி பன்னிரண்டரை ஆனதும் முட்களைப் பன்னிரண்டுக்கே திருப்பி, இலங்கை மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அந்த நள்ளிரவில் பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரையிலான அரை மணி இருமுறை வந்தது.

அவ்விரவில் கொழும்பு மருத்துவமனை ஒன்றில் ஒரு தாய் இரட்டைப் பிள்ளைகளை ஈன்றாள் என்று கற்பனை செய்வோம். முதற்குழந்தை 12 மணி 20 நிமிடத்துக்குப் பிறக்கிறது. கால் மணி கழித்து இரண்டாம் குழந்தை பிறக்கிறது. இதற்குள் முட்கள் பின்னே திரும்பிவிட்டன. ஆகவே அப்போது மணி 12 ஆகி 5 நிமிடம். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்து எழுதிய பதிவேட்டில் தம்பி அண்ணனாகிவிடுகிறான். நேரத்தோடு அது ஆறு மணிக் கணக்கா, ஐந்தரை மணிக் கணக்கா என்பதையும் குறித்திருந்தால் இக்குழப்பம் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளில் இத்தகைய இரவு ஆண்டுதோறும் ஒருமுறை வருகிறது. இரவுப் பணி செய்யும் செவிலிக்கு அன்று ஒரு மணி கூடுதல் உழைப்பு. கூலி கணக்கிடும் நிரல் தொடங்கிய மணியை முடிந்த மணியிலிருந்து வெறுமனே கழிக்குமாயின், அந்த ஒரு மணிக் கூலி அவளுக்குக் கிடைக்காது.

வரவிருக்கும் நிகழ்ச்சிகளில் பிழை வேறு விதமாக நேரும். 2006 பிப்ரவரியில் கொழும்பு வாசி ஒருவர், மே மாதத்தில் ஒரு நாள் காலை 10 மணிக்கு மருத்துவரைக் காண நேரம் குறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் அதனை உடனே கிரீன்விச் கணக்குக்கு மாற்றி, காலை 4 மணி என்று சேமித்து வைத்தது. ஏப்ரலில் கடிகாரம் மாறியது. மே மாதத்தில் நிரல் அந்த 4 மணியோடு ஐந்தரையைக் கூட்டி, ஒன்பதரை மணிக்கு வரவேண்டும் என்று சொல்கிறது! மருத்துவர் பத்து மணிக்குத்தான் வருவார். அவர் நோயாளியிடம் சொன்னது சுவர்க் கடிகாரத்தின் மணியைத்தானே அன்றிக் கிரீன்விச் மணியை அன்று. ஆகவே எதிர்கால நிகழ்ச்சிக்கு ஊர்க் கடிகாரத்தின் மணியையும் ஊரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். பெயர்ப்பைக் கடைசி வரையில் ஒத்திப்போட வேண்டும். நடந்ததற்குக் கணம் முதன்மையானது. நடக்கவிருப்பதற்கு உடன்பாடு முதன்மையானது.

இதே போல், கழிந்த காலமும் சுவர்க் கடிகாரமும் வேறு என்பதை மறத்தல் கூடாது. ஆறு மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்துக்கு வேண்டியது கழிந்த காலம். காலைப் பள்ளிக்கூட மணிக்கு வேண்டியது சுவர்க் கடிகாரம். “நாளைக்கு இதே நேரம்” என்பதும் “இன்னும் 24 மணி கழித்து” என்பதும் நம் நாட்டில் ஒன்றே. கடிகாரத்தை நகர்த்தும் நாட்டில் ஆண்டுக்கு இரு நாள் அவை ஒன்றல்ல. அந்நாட்களில் ஒன்றுக்கு 23 மணி. மற்றொன்றுக்கு 25 மணி.

ஊரின் பெயர் ஏன் வேண்டும், ஐந்தரை என்ற எண் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஐந்தரை என்பது ஒரு நாளின் நிலைமை. ஊர் என்பது ஒரு சரித்திரம். இந்தியாவும் இன்று ஐந்தரை. இலங்கையும் இன்று ஐந்தரை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் இரண்டும் வெவ்வேறு. உலகத்து வேறுபாடுகள் எல்லாம் முழு மணிகளே என்று எண்ணி நிரல் எழுதுவோர் நம் ஐந்தரையில் இடறுவர். நம்மிடம் தப்பினும் நேபாளத்தில் இடறுவர். அந்நாடு 1986 முதல் ஐந்தே முக்கால் மணிக் கணக்கைக் கொண்டிருக்கிறது.

இச்சரித்திரத்தை எல்லாம் ஒவ்வொரு நிரலாளரும் மனப்பாடம் செய்ய முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் 1980-களில் தொடங்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்த ஊரில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரையில் கடிகாரம் என்ன காட்டியது என்பதை அது வரிசையாகக் கூறுகிறது. பால் எக்கர்ட் என்பவரும் உலகெங்கும் உள்ள ஆர்வலரும் அதனை வளர்த்தார்கள். 2011 முதல் இணையத்தின் எண்களையும் பெயர்களையும் நிர்வகிக்கும் அமைப்பின் ஆதரவில் அது வெளிவருகிறது. ஏதேனும் ஓர் அரசு கடிகாரத்தை மாற்றினால் பட்டியல் திருத்தப்படுகிறது. அத்திருத்தத்தை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளாத கணிப்பொறி பழைய மணியையே சொல்லிக்கொண்டிருக்கும். நாடுகளின் எல்லை மாறினாலும் நகரம் நிலைத்திருக்கும் என்பதால், அப்பட்டியல் நகரங்களின் பெயரால் அமைந்திருக்கிறது. இந்தியாவுக்கு உரியது கொல்கத்தா என்னும் பெயர். அப்பெயரின் கீழ்ப் படித்துச் செல்வோமாயின், 1870 முதல் 1905 இறுதி வரையில் 5 மணி 21 நிமிடம் சொச்சம் என்று நம் சென்னை நேரம் பதிந்திருப்பதைக் காணலாம். நுங்கம்பாக்கத்தில் கணித்த கணக்கு, உலகெங்கும் பரவிய ஒரு பட்டியலில் இன்றும் வாழ்கிறது.

ஆனால் பட்டியலும் முற்றறிவு உடையது அன்று. 1970-க்குப் பின் ஒரே நேரத்தைக் காட்டிய ஊர்களை அது ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. ஆகவே பம்பாய்க்குத் தனிப் பெயர் இல்லை; 1950-இல் பம்பாய் நேரப்படி எழுதிய பதிவொன்றைக் கணிப்பொறியிடம் கொடுத்தால் அது தவறாகப் பெயர்த்துவிடும். அங்கே மனிதன்தான் சரித்திரம் அறிந்து திருத்த வேண்டும்.

அத்தகைய திருத்தத்தை நம் நாட்டில் ஜோதிடர்கள் நெடுநாளாகச் செய்து வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் தேதி தொடங்கி 1945 அக்டோபர் 15 வரையில், இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்வைக்கப்பட்டிருந்தன. 1943 ஆடி மாதத்தில் சென்னையில் ஒரு குழந்தை காலை ஆறேகாலுக்குப் பிறந்தது என்று குறித்திருந்தால், உண்மையில் அப்போது பொது நேரப்படி மணி ஐந்தேகால். சூரியன் உதிக்க இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. உதயத்திலிருந்து நாளை எண்ணும் பஞ்சாங்க முறைப்படி அக்குழந்தை முந்தைய நாளைச் சேர்ந்தது. கிழமையே மாறிவிடுகிறது! ஜோதிடத்தில் நமக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, “எந்த ஆண்டு, எந்த ஊர்?” என்று கேட்டு ஒரு மணியைக் கழித்துக்கொண்ட பின்னரே ஜாதகம் கணிக்கத் தொடங்கும் கவனம் போற்றத்தக்கது.

கடல் கடந்த நாடுகளிலும் கேட்கும் ஒலிபரப்பில், அறிவிப்பாளர் “இந்திய நேரப்படி” என்னும் இரு சொற்களைச் சேர்த்தே மணியைக் கூறுவதுண்டு. கேட்பவர் எந்தத் தேசத்தில் இருந்தாலும், அவ்விரு சொற்களைக் கொண்டு தம் கடிகாரத்தோடு பொருத்திக்கொள்ள முடியும். நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நான் கூறுவதும் அவ்வளவே. மணியை மட்டும் எழுதாதீர்கள். அதனோடு ஊரையும் எழுதுங்கள். ஊரின்றி எழுதிய மணி, முகவரி இன்றி எழுதிய கடிதம் போன்றது. அதன் தவறு எழுதியவரைப் பெரும்பாலும் தாக்குவதில்லை. மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளியையும், இரவெல்லாம் உழைத்த செவிலியையும், பிறந்த நாழிகையைத் தன் பிள்ளைக்குச் சரியாகச் சொல்ல விரும்பும் தாயையுமே தாக்குகிறது. பம்பாய்த் தொழிலாளியின் 39 நிமிடம் போல, கடிகாரத்தில் நாம் நகர்த்தும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய வாழ்க்கையில் ஒரு நிமிடம் என்பதை நினைவில் கொள்வோமாக.